பொய் வைரஸ் எச்சரிக்கை: அகற்றும் முன் ஊற்றைக் கண்டுபிடியுங்கள்

‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்’ என்று திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நிற்கும். வீட்டில் யாராவது பதறிப்போய் அதிலுள்ள பொத்தானை அழுத்துவார்கள். இல்லையென்றால் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஊட்டிக்கோ குன்னூருக்கோ பஸ் ஏறி, கடையில் கொடுத்து ‘ஃபார்மட் பண்ணிடுங்க’ என்பார்கள். முதல் காரியம் ஆபத்து. இரண்டாவது, பல நேரங்களில் வீண் செலவு. ஏனென்றால் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இன்று வரும் இந்த வகை எச்சரிக்கைகள் பலவற்றுக்குப் பின்னால் வைரஸே இருப்பதில்லை.

எச்சரிக்கை மூன்று இடங்களிலிருந்து வரலாம். பிரவுசரில் திறந்துகிடக்கும் ஒரு வலைப்பக்கம் காட்டலாம். எப்போதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி வழியாக வரலாம். அல்லது உண்மையிலேயே கம்ப்யூட்டருக்குள் நிறுவப்பட்ட ஒரு நிரல் காட்டலாம். மூன்றுக்கும் தோற்றம் ஒன்றுபோல் இருக்கும், மருந்து வேறு வேறு. நோட்டிஃபிகேஷன் தொல்லைக்கு மணிக்கணக்கில் ஸ்கேன் ஓட்டினாலும் ஒன்றும் சிக்காது. மறுநாள் காலை அதே கட்டம் வந்து நிற்கும். ‘எந்த ஆன்டிவைரஸும் வேலை செய்யல’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிரித்தறிய ஓர் எளிய சோதனை போதும். வைஃபையைத் துண்டியுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து குரோம், எட்ஜ் எதுவானாலும் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து முழுவதுமாக மூடுங்கள். ஜன்னலை மூடினாலும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு உண்டு என்பதால், எக்ஸ் பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம். விண்டோஸின் நோட்டிஃபிகேஷன் பலகையில் ஏற்கெனவே குவிந்திருப்பவற்றையும் ‘கிளியர் ஆல்’ கொடுத்து அழித்துவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். நெட்டும் இல்லை, பிரவுசரும் இல்லை, ஆனாலும் எச்சரிக்கை வருகிறது என்றால் அது உள்ளே குடியேறிய நிரல். வரவில்லை என்றால் பெரும்பாலும் பிரவுசர் சமாசாரம். அதைச் சரிசெய்யும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

உண்மையான எச்சரிக்கையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டித் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யைப் பாருங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் எதையாவது பிடித்திருந்தால் தேதியும், கோப்பு இருக்கும் இடமும், எடுத்த நடவடிக்கையும் அங்கே பதிவாகியிருக்கும். அங்கே பதிவில்லாத எச்சரிக்கை டிஃபென்டருடையது அல்ல. வேறு ஆன்டிவைரஸ் வைத்திருந்தால் அதனுடைய பதிவில் தேட வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதில்லை. எண் இருந்தால் அது பொய்தான், மேற்கொண்டு ஆராயவே வேண்டாம்.

பூட்டிக்கொண்ட திரை

முதல் வகை பார்க்கத்தான் பயங்கரம். திரை முழுவதும் நீலம் அல்லது சிவப்பு, ‘கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்’ என்று ஒரு குரல், மவுஸ் அம்பைக் காணோம், எதை அழுத்தினாலும் மூடவில்லை. நடப்பது இதுதான்: வலைப்பக்கம் பிரவுசரின் முழுத்திரை வசதியைப் பயன்படுத்தி முகவரிப் பட்டையை மறைத்துவிட்டு, அதன் இடத்தில் விண்டோஸ் போலவே வரைந்த ஒரு படத்தைக் காட்டுகிறது. ‘ஸ்கேன்’ ஓடுவதும் வெறும் அனிமேஷன்தான். பிரவுசருக்குள் இருக்கும் ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவி வைரஸ் தேட முடியாது.

பயமுறுத்த அந்தப் பக்கங்கள் உங்கள் ஐபி எண்ணையும் ஊரையும் காட்டும். கோத்தகிரியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூர் என்றோ சென்னை என்றோதான் வரும். இணைய நிறுவனத்தின் இணைப்பு வெளியுலகோடு சேரும் இடம் எதுவோ, அந்த ஊரின் பெயர் வருகிறது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்திருங்கள். ஒரு தட்டு போதாது. பிடித்திருந்தால்தான் பூட்டிய முழுத்திரை விலகும். விலகியதும் டேபை மூடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஆல்ட் கீயோடு எஃப்4. அதுவும் இல்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, பிரவுசருக்கு ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். கடைசி வழியாகப் பவர் பொத்தானைப் பிடித்து அணைத்தாலும் பெரிய கேடில்லை. ‘அணைத்தால் தரவு அழிந்துவிடும்’ என்ற மிரட்டல் பொய்.

பலர் வழுக்குவது இதற்கு அடுத்த படியில். பிரவுசரை மறுபடி திறந்ததும் ‘ரீஸ்டோர் பேஜஸ்’ என்று கேட்கும். சரி என்று கொடுத்தால் அதே பக்கம் திரும்ப வந்து உட்காரும். அதை மறுத்துவிடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி பிரவுசரை அமைத்திருந்தால் கேட்காமலேயே திறக்கும். அப்போது வைஃபையைத் துண்டித்துவிட்டுப் பிரவுசரைத் திறந்தால் அந்தப் பக்கம் ஏற்ற முடியாமல் வெறுமையாக நிற்கும், நிதானமாக மூடலாம். எதையும் தரவிறக்காமல், எந்த எண்ணுக்கும் பேசாமல் மூடிவிட்டீர்கள் என்றால் கம்ப்யூட்டரில் அகற்ற ஒன்றுமில்லை.

‘அலவ்’ கொடுத்த வினை

தளங்கள் நம் திரைக்கே அறிவிப்பு அனுப்பும் வசதி 2015-இல் குரோமில் வந்தது. செய்தித் தளங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் பயன்படட்டும் என்று வந்ததை, பொய் எச்சரிக்கை வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். புதுப்பட லிங்க், கிரிக்கெட் நேரலை, டி.என்.பி.எஸ்.சி. பழைய வினாத்தாள் பி.டி.எஃப்., பிரின்டர் டிரைவர் என்று தேடிப் போகும் பக்கத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அழுத்தவும்’ என்று ஒரு வரி இருக்கும். உண்மையான ரோபோ சோதனைக்கும் ‘அலவ்’ பொத்தானுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அழுத்தியது அறிவிப்பு அனுமதிக்கு. அன்றைக்கு ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். சில நாள் கழித்து, வேறு வேலையாக இருக்கும்போது, ‘ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது’ என்று வரத் தொடங்கும். இந்த இடைவெளியால்தான் எந்தத் தளத்தால் வந்தது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அடையாளம் காண, கட்டத்தில் உள்ள சின்ன எழுத்துகளைப் படியுங்கள். கூகுள் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், கேள்விப்படாத ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னம் போட்டிருந்தாலும், அந்தச் சின்னம் வெறும் ஒட்டுப்படம்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். எழுத்துகளும் எண்களும் தாறுமாறாகக் கலந்த முகவரிகள் தனியாகத் தெரியும். பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் ‘ரிமூவ்’, ‘பிளாக்’ இரண்டும் இருக்கும். ரிமூவ் கொடுத்தால் அந்தத் தளம் மறுபடி அனுமதி கேட்க முடியும்; பிளாக் கொடுத்தால் கேட்கவே முடியாது. பிளாக்தான் சரி. பட்டியலுக்கு மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்ற தேர்வும் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவைத்தால் எதையும் இழக்கப்போவதில்லை என்பது என் கருத்து. வேண்டிய அறிவிப்பெல்லாம் எப்படியும் போனில் வருகிறது. எட்ஜில் செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் ‘நோட்டிஃபிகேஷன்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதே பட்டியல் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பெர்மிஷன்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வரும் ‘உங்கள் போனில் வைரஸ்’ செய்திகளில் பலவும் இதே கதைதான், இதே மருந்துதான்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டரில் பிள்ளைக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு மூன்று குரோம் புரொஃபைல் வைத்திருப்பார்கள். அனுமதி ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி. ஒன்றில் மட்டும் அகற்றிவிட்டுப் போகவில்லையே என்று திகைப்பதுண்டு. எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும்.

புது லேப்டாப்போடு சோதனைக்காலப் பதிப்பாக வந்த ஆன்டிவைரஸ், காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லி அடிக்கடி நச்சரிக்கும். அது பொய் இல்லை, தொல்லை மட்டும்தான். செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலில் அதன் பெயர் இருக்கும். வேண்டாம் என்றால் அன்இன்ஸ்டால் செய்யலாம். செய்ததும் டிஃபென்டர் தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

உள்ளே குடியேறிய நிரல்

மூன்றாவது வகைக்குப் பழைய வரலாறு உண்டு. 2000-களின் நடுவில் தொடங்கி, வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் போலி ஆன்டிவைரஸ் நிரல்கள் உலகெங்கும் விற்கப்பட்டன. இலவசமாக ‘ஸ்கேன்’ செய்து இல்லாத வைரஸ்களைக் காட்டும். நீக்கப் பணம் கேட்கும். 2008 டிசம்பரில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் இப்படி ஒரு கூட்டத்தின் மேல் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் பத்து லட்சம் பேருக்கு மேல். 2012-இல் நீதிமன்றம் விதித்த தொகை 16.3 கோடி டாலருக்கும் அதிகம். கிரெடிட் கார்டு வழியாகப் பணம் வாங்கும் பாதைகள் அடைபட அடைபட, தொழில் தொலைபேசிக்கும் பிரவுசருக்கும் நகர்ந்தது. ஒரு வலைப்பக்கமே பயமுறுத்திப் பணத்தை வாங்கிக் கொடுத்துவிடும் என்றால், ஆன்டிவைரஸ்களிடம் மாட்டக்கூடிய நிரலை எழுதிப் பரப்பும் கஷ்டம் எதற்கு?

அப்படியும் நிரல் வகை ஒழியவில்லை. ‘பிசி கிளீனர்’, ‘டிரைவர் அப்டேட்டர்’, ‘ஆப்டிமைசர்’ என்ற பெயர்களில் வருகிறது. இலவச நிரல்களின் இன்ஸ்டாலரோடு ஒட்டிக்கொண்டு வரும். திருட்டு மென்பொருளோடும் வரும். தமிழ் டைப்பிங்குக்காகக் கண்ட தளங்களில் தரவிறக்குவதும் ஒரு வாசல். அது தேவையே இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். பிரின்டர் டிரைவரைத் தேடும்போது முதலில் வரும் விளம்பர இணைப்புகளையும் தவிர்த்து, தயாரிப்பாளரின் தளத்துக்கே போக வேண்டும்.

அகற்றத் தொடங்கும் முன், போட்டோ, பி.டி.எஃப்., எக்செல் போன்ற சொந்தக் கோப்புகளை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இன்ஸ்டாலர், ஜிப் எதையும் எடுக்க வேண்டாம். பிறகு எச்சரிக்கை திரையில் இருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சந்தேகமான பெயரின் மேல் வலது சொடுக்கி ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். ஒழுங்கான நிரல்கள் பொதுவாக ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரிலோ விண்டோஸ் ஃபோல்டரிலோ இருக்கும். ‘ஆப்டேட்டா’, ‘டெம்ப்’, ‘புரோகிராம்டேட்டா’ இவற்றுக்குள், பொருளில்லாத பெயரோடு இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. நல்ல நிரல்கள் சிலவும் ஆப்டேட்டாவில்தான் இருக்கின்றன. பெயரையும் இடத்தையும் எழுதி வைத்துக்கொண்டு ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள்.

அடுத்து இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவை ஒன்றாக மேலே நிற்கும். பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்தே வந்திருக்கும். அன்இன்ஸ்டால் செய்யும்போது ‘பாதுகாப்பை இழக்கப்போகிறீர்களா?’ என்று கேட்கும் கட்டங்களில் பொத்தான்களை இடம் மாற்றி வைத்திருப்பார்கள், படித்துவிட்டு அழுத்துங்கள்.

அதன் பிறகுதான் ஸ்கேன். முதலில் டிஃபென்டரில் ஃபுல் ஸ்கேன். அது முடிந்ததும் அதே ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேன். இதன் பயன் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் முழுதாக எழும் முன், கெட்ட நிரல் ஓடத் தொடங்காத நிலையிலேயே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளவோ ஸ்கேனைத் தடுக்கவோ அதற்கு வாய்ப்பில்லை. சுமார் 15 நிமிடம் பிடிக்கும். முடிவு புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். மூன்றாவதாக மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர். நிறுவத் தேவையில்லாத, சில எம்பி மட்டுமே உள்ள சின்னக் கோப்பு. வைரஸ் என்று சொல்ல முடியாத விளம்பர நிரல்கள், பிரவுசரில் செருகிய தேவையற்ற எக்ஸ்டென்ஷன்கள் இவற்றைப் பிடிப்பதில் அது கெட்டி. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. சென்னையைச் சேர்ந்த கே7 நிறுவனத்தின் கருவியும் அவற்றில் ஒன்று. எதை எடுத்தாலும், எப்போதும் ஓடிக்கொண்டே காவல் காக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றுக்கு மேல் வைக்க வேண்டாம். இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று தடுத்து, கம்ப்யூட்டர் நகராது.

டிஃபென்டரே திறக்க மறுக்கிறது, தரவிறக்கமும் தடைபடுகிறது என்றால், அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் விண்டோஸைத் தொடங்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் எஃப்8 அழுத்தச் சொல்லியிருப்பார்கள். விண்டோஸ் 8-இலிருந்து அது இயல்பாக வேலை செய்வதில்லை. ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் நெட்டோடு கூடிய சேஃப் மோடுக்கு 5-ஐ அழுத்த வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. புதிய லேப்டாப் பலவற்றில், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். இந்த வழியாகப் போகும்போது பிட்லாக்கர் ரெகவரி கீ என்று 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் அது சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

போனது திரும்பி வந்தால், நெட் வரவில்லை என்றால்

சுத்தம் செய்த பிறகு நெட் வேலை செய்யவில்லை என்ற புகார் அடிக்கடி எழும். காரணம் புரிந்தால் சரிசெய்வது எளிது. சில நிரல்கள் விண்டோஸின் பிராக்ஸி அமைப்பை மாற்றி, எல்லாப் போக்குவரத்தும் தன் வழியாகவே போகும்படி 127.0.0.1 என்ற சொந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைப் போட்டுவைக்கும். நிரலை நீக்கிவிட்டோம், பிராக்ஸி அப்படியே நிற்கிறது. பிரவுசர் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் பிராக்ஸியைத் திறந்து, ‘யூஸ் எ பிராக்ஸி சர்வர்’, ‘செட்அப் ஸ்கிரிப்ட்’ இரண்டையும் அணையுங்கள். ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளங்களின் முகவரியைத் திசைமாற்றக்கூடிய ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் இருக்கும். இயல்பான கோப்பில் எழுத்துள்ள வரிகள் எல்லாம் ஹேஷ் குறியோடு தொடங்கும். குறியில்லாமல் ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் வரிசையாக நின்றால் அந்த வரிகளை நீக்க வேண்டும். நோட்பேடை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தால்தான் சேமிக்க விடும்.

நீக்கியது மறுநாள் திரும்ப வந்தால், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைச் சந்தேகியுங்கள். லைப்ரரியின் முதல் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சொடுக்கி, ‘ஆக்‌ஷன்ஸ்’ தாவலில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். பிரவுசரின் பெயரும் அதன் பின்னால் ஒரு வலை முகவரியும் இருந்தால், குறித்த நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்க வைத்திருக்கிறார்கள். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் என்றும் பின்னால் நீளமாகப் புரியாத எழுத்துகளும் இருந்தால் இன்னும் மோசம். டிலீட் செய்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேனை மறுபடி ஓட்டுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ வரியின் கடைசியில் முகவரி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஆங்கில வரி தெரிகிறதா? பள்ளியோ எஸ்டேட் அலுவலகமோ கொடுத்த லேப்டாப் என்றால் அது சரி, தொடாதீர்கள். சொந்த லேப்டாப்பில் அப்படி வந்தால், ஏதோ ஒரு நிரல் பாலிசி எனும் கட்டாய அமைப்பை எழுதி, அகற்ற முடியாதபடி ஓர் எக்ஸ்டென்ஷனைத் திணித்திருக்க வாய்ப்பு அதிகம். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி எழுதுவதுண்டு. ஆட்வ்கிளீனர் பெரும்பாலும் இதைச் சரிசெய்யும். அதன்பின் குரோமின் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது, எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே கூகுள் கணக்கு என்றால், மற்றதில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் சிங்க் வழியாக இங்கே திரும்பி வரும். இரண்டையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும். குரோமுக்குள்ளேயே ‘கிளீன் அப் கம்ப்யூட்டர்’ இருக்கிறது என்று சொல்லும் குறிப்புகளைத் தேடி அலைய வேண்டாம். கூகுள் அதை 2023-இல் எடுத்துவிட்டது.

வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றிலும் ஒரே தொல்லை என்றால் மட்டும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பு ரூட்டரில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலையில் இதற்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: ஃபைபர் ரூட்டரின் பின்னாலுள்ள ரீசெட் துளையில் அவசரப்பட்டு ஊசியை விடாதீர்கள். இணைய நிறுவனம் உள்ளே பதிந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் அதோடு அழிந்தால், லைன்மேன் வந்து திரும்பப் போடும்வரை நெட் கிடையாது. உள்ளே நுழைந்து டி.என்.எஸ். கட்டத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்து, ரூட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றினால் போதும்.

மழை, கரண்ட், டேட்டா

தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் மரம் விழுந்து கரண்ட் போவது வாடிக்கை. ஃபுல் ஸ்கேன் பாதியில் நின்றால் நஷ்டம் நேரம் மட்டும்தான். விண்டோஸை மறுபடி நிறுவும் ‘ரீசெட் திஸ் பிசி’ பாதியில் நின்றால் விண்டோஸ் எழாமல் போகலாம். டெஸ்க்டாப் யு.பி.எஸ். தாங்கும் சில நிமிடங்களை நம்பி ரீசெட்டைத் தொடங்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜ் நிறைய இருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும்.

ரீசெட்டில் ‘கிளவுட் டவுன்லோடு’, ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ என்று இரண்டு வழி கேட்கும். கிளவுட் வழிக்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். ஒரு நாளைக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி கொண்ட போன் ஹாட்ஸ்பாட்டில் அது நடக்காத காரியம்; லோக்கலைத் தேர்ந்தெடுங்கள். கெட்டுப்போன சிஸ்டம் என்று சந்தேகம் இருந்தால், நல்ல நெட் உள்ள இடத்தில் வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை எடுத்துவருவது மேல்.

கோயம்புத்தூரில் இருக்கும் உறவினரிடம் சொல்லிப் பென்டிரைவில் ஸ்கேனர் கொண்டுவரச் சொல்வதும் நல்ல யோசனைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் தரவிறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும். தீபாவளிக்கு வந்தவர் கொண்டுவந்ததைப் பொங்கலுக்கு ஓட்ட முடியாது.

கடையில் ஃபார்மட் செய்யக் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்: லேப்டாப்போடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது. அதே பதிப்பைப் போட்டால் நெட்டில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். அதற்குத் திருட்டு ஆக்டிவேட்டர் தேவையில்லை. அதைப் போட்டுத் தந்தால், ‘ஹேக்டூல்’ என்றும் ‘ஆட்டோ கேஎம்எஸ்’ என்றும் டிஃபென்டர் கத்தும். அந்த எச்சரிக்கை பொய்யல்ல.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிஃபென்டருக்கான வைரஸ் குறிப்புகள் 2028 அக்டோபர்வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பதால் மேற்சொன்ன ஸ்கேன்கள் அதிலும் பயன்படும். சிஸ்டத்தின் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகளுக்கு மட்டும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை தொல்லைகள். 2024-இலிருந்து பரவிவரும் ஒரு வகை, கொள்ளை. பக்கத்தில் ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்’ என்று வரும். விண்டோஸ் கீயோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் அழுத்தச் சொல்லும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை, காப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. ரன் பெட்டியைத் திறந்து, ஒட்டி, ஓட்டியது நீங்கள்தான். பயனரே ஓட்டுவதால் தடுப்புகள் பலவற்றைத் தாண்டிவிடுகிறது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹோம்ஸ்டே, காட்டேஜ் நடத்துவோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். புக்கிங்.காம் பெயரில் ‘விருந்தினர் புகார் கொடுத்திருக்கிறார், பாருங்கள்’ என்ற பாணியில் மின்னஞ்சல் அனுப்பி, இதே தந்திரத்தால் தங்கும் விடுதிகளின் பாஸ்வேர்டுகளைத் திருடும் கூட்டம் ஒன்றைப் பற்றி 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. குறிவைக்கப்பட்ட பகுதிகளில் தெற்காசியாவும் உண்டு. புக்கிங் கணக்கு போனால் உங்கள் பெயரில் விருந்தினர்களிடம் பணம் கேட்பார்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, விருந்தினருக்காகத் தளம் தேடிக் கொடுக்கும் வேலையும் இவர்களிடம் வந்துவிட்டது. அரசுத் தளத்தைப் புக்மார்க்கில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் தேடி, விளம்பர இணைப்பில் விழ வேண்டியதில்லை.

அப்படி ஒட்டி ஓட்டிவிட்டீர்கள் என்றால் ஸ்கேன் இரண்டாம் வேலை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், உள்நுழைந்த நிலையைக் காக்கும் குக்கீகளும் சில நிமிடங்களிலேயே போயிருக்கலாம். நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு புக்கிங் கணக்கு என்று பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுங்கள். குக்கீயை வைத்திருப்பவருக்குப் பாஸ்வேர்டும் ஓடிபியும் தேவைப்படாமல் போகலாம் என்பதால் இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடக் கூடாது. இந்த வகைக்கு மட்டும், விண்டோஸை முழுவதுமாக மறுபடி நிறுவுவதே நிம்மதி.

எச்சரிக்கையில் உள்ள எண்ணுக்குப் பேசிவிட்டால்

எதிர்முனையில் பேசுபவர் பொறுமையானவர், மரியாதையானவர். தொலைவிலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க வழிவிடும் எனிடெஸ்க், அல்ட்ராவியூவர், குவிக் அசிஸ்ட் இவற்றில் ஒன்றைத் திறக்கச் சொல்வார். உள்ளே வந்ததும் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, ‘பாருங்கள், எவ்வளவு பாதிப்பு’ என்பார். ஒரு கோளாறும் இல்லாத கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அது விண்டோஸின் அன்றாடப் பதிவேடு. பிறகு பணம் கேட்பார், அல்லது ‘ரீஃபண்ட்’ தருவதாகச் சொல்லி வங்கிப் பக்கத்தைத் திறக்க வைப்பார். 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியபோது, இப்படி டெக் சப்போர்ட் பெயரில் வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் அடக்கம்.

இணைப்பைக் கொடுத்துவிட்டால் வைஃபையைத் துண்டித்து, அந்த நிரலை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ‘அன்அட்டெண்டடு ஆக்சஸ்’ பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் தூங்கும்போதும் அவரால் வர முடியும். ஒன்றை நீக்கியதோடு நிற்காமல், நிறுவிய தேதிப்படி வேறு ரிமோட் நிரல் எதுவும் சேர்ந்திருக்கிறதா, செட்டிங்ஸின் அக்கவுன்ட்ஸ் பகுதியில் தெரியாத புதுப் பயனர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணம் போயிருந்தால் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு முதலில் வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கும் பேசுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரையிலான இழப்பு அவரைச் சேரும். தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் இதனால் விலை உண்டு. மலைப்பாதையில் இறங்கி வங்கிக் கிளைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல், கார்டின் பின்னாலுள்ள எண்ணிலோ வங்கியின் செயலியிலோ உடனே பதிந்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். 1930-இல் கேட்பார்கள் என்பதால் பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண், தொகை, நேரம், பேசியவரின் எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். எச்சரிக்கை இன்னும் திரையில் இருந்தால், மூடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தளத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தெளிவாகத் தெரியட்டும்.